தூக்கம் வராதவர்களே, இந்த வகைப் 'பரிசோதனை' தளங்களிடம் கவனம்

சில மாதங்களாக எனக்குத் தூக்கம் சரியில்லை. ஒரு நள்ளிரவில், பத்தே கேள்விகளில் தூக்கக் குறைபாட்டைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொன்ன ஒரு தளத்துக்குள் போனேன். போன கையோடு குக்கீ (தளங்கள் நம் பிரவுசரில் சேமித்து வைக்கும் சிறு குறிப்பு) அனுமதிப் பட்டை பாதித் திரையை மறைத்துக்கொண்டு வந்து நின்றது. 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்று பளிச்சென்ற பச்சைப் பொத்தான். மறுக்கப் பொத்தானே இல்லை. 'விருப்பங்களை நிர்வகி' என்று சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி மட்டும்.

நான் ஏமாளி இல்லை என்ற நினைப்பில் அதைத் திறந்து, ஒவ்வொன்றாக அணைத்து, சேமித்தேன். பிறகு கேள்விகள். மாத்திரை போடுகிறீர்களா? மது உண்டா? மனச்சோர்வு உண்டா? எல்லாவற்றுக்கும் உண்மையையே சொன்னேன். முடிவைப் பார்க்க மின்னஞ்சல் முகவரி கேட்டது, அதையும் கொடுத்தேன். வந்த முடிவு: 'உங்களுக்கு ஓய்வு தேவை.' அது எனக்குத் தெரியாதா?

மூன்றாம் நாள், அலுவலகக் கூட்டத்தில் என் திரையைப் பகிர்ந்து ஒரு செய்திக் கட்டுரையைக் காட்டிக்கொண்டிருந்தேன். நடுவே ஒரு விளம்பரம்: 'மனச்சோர்வால் தூக்கம் கெடுகிறதா?' எட்டுப் பேர் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அன்றிரவு பிரவுசரின் சேமிப்புப் பகுதியைத் துருவினேன். நான் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அந்தத் தளத்தின் வழியாக 27 குக்கீகள் குடியேறியிருந்தன. நான்கைந்துதான் தளத்தினுடையவை, மற்றவை நான் பெயரே கேட்டிராத விளம்பர நிறுவனங்களுடையவை. ஒன்றைத் திறந்தேன். எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான ஒரு தொடர், ஓராண்டு தள்ளி ஒரு காலாவதி தேதி, அவ்வளவுதான். என் பெயரோ நோயோ அதில் இல்லை, இருக்கவும் தேவையில்லை. அதே நிறுவனத்தின் நிரல் செய்தித் தளத்திலும் இருந்தால், பிரவுசர் அதே எண்ணை அங்கேயும் நீட்டும். தூக்கத் தளத்துக்கு வந்த ஆள்தான் இவர் என்று தெரிந்துவிடும். 1994-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி என்ற பொறியாளர் குக்கீயை உருவாக்கியபோது, கூடையில் போட்ட பொருளைத் தளம் மறந்துவிடக் கூடாது என்பது போன்ற எளிய தேவைதான் இருந்தது.

நான் அணைத்தது ஏன் பலிக்கவில்லை? அந்தப் பட்டையில் 'நியாயமான நலன்' என்று இன்னொரு பக்கம் இருந்தது; சம்மதம் கேட்காமலே தரவைப் பயன்படுத்த நிறுவனங்கள் காட்டும் சட்டக் காரணம் அது. அங்கே எல்லாமே முன்கூட்டியே இயக்கப்பட்டிருந்தன. முன்கூட்டியே குறியிட்டு வைத்த பெட்டி சம்மதமாகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019-இலேயே சொல்லிவிட்டது. இவர்கள் பெட்டிக்கு வேறு பெயர் சூட்டிக்கொண்டார்கள். ஏற்பதைவிட மறுப்பதைக் கடினமாக்கியதற்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கே 15 கோடி யூரோ அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. சின்னத் தளங்களை யார் எண்ணிக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

குக்கீகளை அழித்தேன். இரண்டு நாள் அமைதி. பிறகு அதே விளம்பரம் கைப்பேசியிலும் வந்தது; அந்தத் தளத்தை நான் கைப்பேசியில் திறந்ததே இல்லை. மின்னஞ்சல் முகவரியைச் சங்கேத எண்ணாக மாற்றி, அதே முகவரியால் நுழைந்த மற்ற இடங்களோடு பொருத்தும் வழக்கம் விளம்பரத் தொழிலில் உண்டு. என் விஷயத்தில் நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிடோ) போயிருந்தாலும், முகவரியைக் கையால் தட்டிக் கொடுத்த பிறகு அது எதற்கு உதவும்?

பட்டையில் அணைப்பதை நம்பாதீர்கள். பிரவுசர் அமைப்பிலேயே மூன்றாம் தரப்புக் குக்கீகளை, அதாவது நீங்கள் பார்க்கும் தளத்தினுடையவை அல்லாதவற்றை, தடுத்துவிடுங்கள். சஃபாரி 2020 முதல் தானாகவே தடுக்கிறது. குரோம் வைத்திருப்பவர்கள் நீங்களாகத்தான் மாற்ற வேண்டும். உடல்நலக் கேள்விகளுக்குப் பிறகு முகவரி கேட்டால், மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

என் பதில்களை நீக்கச் சொல்லி அந்தத் தளத்துக்கு எழுதினேன். தானியங்கிப் பதில் வந்தது, ஒரு படிவத்தின் இணைப்போடு. திறந்தால், படிவத்தை மறைத்துக்கொண்டு அதே பச்சைப் பொத்தான்.