டிவி ஒயரை எங்கே ஒளிப்பது: காடியா, கேசிங்கா, பேனலா?

எங்கள் வீட்டு ஹால் சுவரை டிவிக்காக இரண்டு முறை வெட்டியாயிற்று. முதலில் 2016-ல், அப்புறம் 2022-ல். இரண்டாவது முறை வெட்டியபோது வீடெல்லாம் செங்கல் தூள். அம்மா திண்ணையை விட்டு உள்ளே வரவே இல்லை. "ஒயரு தொங்குனா என்னடா இப்ப? யாரு வந்து பாக்கப் போறா?" என்று அங்கிருந்தே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய டிவியைச் சுவரில் அழகாக மாட்டிவிட்டு, அதன் வயிற்றிலிருந்து நாலு கறுப்பு ஒயர் தொங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டே சாப்பிட என்னால் முடியவில்லை.

எங்கள் வீடு கடலூர் புதுப்பாளையத்தில். அக்கா புதுச்சேரி ரெயின்போ நகரில் இருக்கிறாள், டிவிக்குப் பின்னால் பிளைவுட் பேனல் அடித்திருக்கிறாள். மச்சான் வைசியாள் வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் வாடகைக்கு இருக்கிறான், ஒயரை உள்ளே வைத்து மூடுகிற பிளாஸ்டிக் கேசிங்கைச் சுவர்மேல் ஒட்டியிருக்கிறான். மூன்று வீடு, மூன்று வழி. சுவரில் காடி, அதாவது நீளமான பள்ளம், வெட்டி உள்ளே பைப் போடுவதற்குத்தான் என் ஓட்டு. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் 2016-ல் நான் செய்தது போலச் செய்வதென்றால் வேண்டவே வேண்டாம், ஒயர் தொங்கட்டும்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒயரை எண்ணிப் பாருங்கள். வைஃபையில் மட்டும் படம் பார்க்கிற வீடு என்றால் டிவிக்குப் போவது கரண்ட் ஒயர் ஒன்றுதான். டிவிக்குப் பின்னாலேயே ஒரு ப்ளக் பாயிண்ட் வைத்துவிட்டால் கதை முடிந்தது, மேற்கொண்டு படிக்க வேண்டாம். செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார், பிள்ளைகளின் கேம் பெட்டி என்று கீழே மேசையில் சேரச் சேரத்தான் படத்தையும் ஒலியையும் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. கேபிள்கள் பெருகும், பிரச்சினையும் கூடவே வரும்.

கேசிங் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எலக்ட்ரிகல் கடையில் நீளமாகக் கிடைக்கிறது, அறுத்து ஒட்டலாம், மூடியைக் கழற்றி எப்போது வேண்டுமானாலும் ஒயரை மாற்றலாம். வாடகை வீட்டுக்கு இதுதான். மச்சான் வீட்டுச் சுவர் பழைய சுண்ணாம்புக் காரை. அதில் கட்டர் மிஷினை வைத்தால் அதிர்விலேயே காரை பாளம் பாளமாக விழும். வெட்டிய இடத்தைச் சிமெண்ட் வைத்து அடைத்தாலும் சுண்ணாம்போடு அது ஒட்டி வாழாது, ஓரத்தில் விரிசல் விட்டு ஈரத்தை உள்ளே பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட வீட்டில் உரிமையாளர் சம்மதித்தாலும் வெட்டக் கூடாது என்பேன். கேசிங்கின் குறை கண்ணுக்குத் தெரிவதுதான். சுவரின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்தாலும் தெரியும். பசை ஒட்டு வேறு ஐப்பசி ஈரத்தில் ஒருமுறை விட்டுப் போய், மச்சான் பிறகு ஸ்க்ரூ அடித்தான்.

பேனல் பார்க்க அருமையாக இருக்கும். அக்கா வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி. எத்தனை ஒயர் வேண்டுமானாலும் போகும், சுவரில் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் ஊர்க் காற்றும் மழையும் பிளைவுட்டை விடாது. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்த இரவு, அக்கா வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். தரைவரை இறக்கியிருந்த பேனலின் அடிப்பலகை ஒரு வாரத்தில் ஊதி, மேலே ஒட்டியிருந்த லேமினேட் பிரிந்துவிட்டது. தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி அடித்திருந்தால் தப்பியிருக்கும். அதோடு செட்டாப் பாக்ஸையும் கதவு போட்ட தட்டுக்குள் வைத்துவிட்டாள். ரிமோட் வேலை செய்ய வேண்டுமென்றால் கதவைத் திறந்து வைக்க வேண்டும். பிறகு எதற்குக் கதவு? இப்போது பி.வி.சி. பிளாஸ்டிக் பேனல்களும், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பேனல்களும் வந்திருக்கின்றன, தண்ணீரும் கரையானும் அவற்றை ஒன்றும் செய்யாது. எனக்குத் தெரிந்த ஒரே ஒரு வீட்டில்தான் போட்டிருக்கிறார்கள், அதுவும் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதை நம்பித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

சரி, காடிக்கு வருவோம்.

யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் இந்த வேலையைச் செய்வதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை, ஒயரை மேலிருந்து விட்டால் கீழே வந்து விழுகிறது. பத்து நிமிஷ வேலை. காரணம் அவர்கள் வீட்டுச் சுவர் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்தது, உள்ளே வெற்றிடம். நம்முடையது செங்கல்லும் சிமெண்டும். ஒயர் போக வேண்டிய வழியை நாம்தான் வெட்டித் தர வேண்டும், வெட்டியதை மூட வேண்டும், மூடினால் மறுபடி திறக்க முடியாது. எல்லாப் பிரச்சினையும் இந்தக் கடைசி வார்த்தையில்தான் இருக்கிறது.

2016-ல் வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, "பைப் எதுக்கு சார்? ஒயர் மேலயே பூசிடலாம், உள்ள அதுக்கு என்ன ஆவப் போவுது?" என்றார். எனக்கும் காடி சின்னதாக இருந்தால் நல்லது என்று தோன்றியது. எச்.டி.எம்.ஐ. கேபிளைக் காடிக்குள் வைத்து மேலேயே பூசிவிட்டார். ஆறு வருஷம் படத்தில் ஒரு குறையும் இல்லை. 2022-ல் 4கே டிவி வாங்கி மாட்டினோம். படம் வரும், இரண்டு நிமிஷத்தில் திரை கறுத்துப் போகும், மறுபடி வரும். டிவியைத் திட்டினேன், செட்டாப் பாக்ஸைத் திட்டினேன். கடைசியில் வெளியிலிருந்து வேறு ஒரு கேபிளைச் செருகிப் பார்த்தால் படம் பளிங்கு மாதிரி நிற்கிறது. சுவருக்குள் கிடந்தது பழைய தரத்துக் கேபிள். 2009-ல் வந்த 1.4 தரம் நொடிக்கு 10.2 கிகாபிட்தான் தாங்கும். நொடிக்கு 60 பிரேமில் 4கே படம் முழுத் தரத்தோடு வர 18 கிகாபிட் வேண்டும்; அது 2013-ல் வந்த 2.0 தரம். 2017-ல் வந்த 2.1 தரமோ 48 கிகாபிட் கேட்கிறது. கேபிள் கெடவே இல்லை, காலம்தான் அதைத் தாண்டிப் போய்விட்டது. நல்ல நிலையில் உள்ள கேபிளுக்காகச் சுவரை உடைத்தேன்.

அதனால் இந்த விஷயத்தில் நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. நாளைக்கு அந்த ஒயரை உருவி எடுத்து வேறொன்றைப் போட முடியுமா? முடியும் என்றால் காடியை மிஞ்ச எதுவும் இல்லை. முடியாது என்றால் அது ஒயருக்குக் கட்டிய சமாதி.

உருவ முடியுமா என்பதைத் தீர்மானிப்பது பைப்பின் குறுக்களவு. எச்.டி.எம்.ஐ. கேபிள் என்னவோ பென்சில் தடிமன்தான், ஆனால் அதன் தலை சுமார் 20 மி.மீ. அகலம். லைட், ஃபேனுக்குப் போடும் 20 அல்லது 25 மி.மீ. பைப் என்பது வெளி அளவு, 25 மி.மீ. பைப்பின் உள்ளே 21, 22 மி.மீ. மிஞ்சினால் அதிகம். தலை நுழைவதே சந்தேகம், நுழைந்தாலும் ஏற்கெனவே ஒரு ஒயர் உள்ளே இருந்தால் கதை முடிந்தது. இரண்டாவது முறை 50 மி.மீ. பைப்தான் என்று பிடிவாதமாக நின்றேன். "இது என்ன சார், பாத்ரூம் லைனா?" என்று கொத்தனார் சிரித்தார். சிரிக்கட்டும். போன வருஷம் சவுண்ட்பார் வாங்கியபோது பழைய கேபிளின் வாலில் புதியதைக் கட்டி இழுத்தேன். டிவியைச் சுவரிலிருந்து சாய்த்து, இழுத்து, செருகி, மறுபடி நிமிர்த்த ஒரு காபி ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

பைப் நேராக இறங்க வேண்டும், வளைவே கூடாது. எல்போ போட்ட இடத்தில் கேபிளின் தலை முட்டிக்கொண்டு நிற்கும், எவ்வளவு இழுத்தாலும் வராது. டிவிக்கு நேர் கீழே மேசை, மேசைக்குப் பின்னால் பைப்பின் கீழ்வாய் என்று அமைத்துக்கொண்டால் வளைவு தேவைப்படாது. மேல்வாய், டிவியைத் தாங்கும் பிராக்கெட்டின் தகட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இழுப்பதற்கென்று ஒரு கயிற்றையும் நிரந்தரமாக விட்டுவைக்கலாம். எலக்ட்ரீஷியன்கள் ஜி.ஐ. கம்பி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி, விடுவார்கள். கடலோரத்தில் அது துருப்பிடித்து, இழுக்கிற அன்றைக்குப் பார்த்து அறுந்து வரும். நான் பழைய டவுன் துறைமுகம் பக்கம் வலைக்கடையில் நைலான் கயிறு வாங்கிப் போட்டேன். மீனுக்குத் தாங்குவது கேபிளுக்குத் தாங்காதா?

50 மி.மீ. பைப் எல்லாச் சுவருக்கும் பொருந்தாது. நேராக மேலிருந்து கீழே வெட்டும் காடி சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, படுக்கையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு. ஒன்பது அங்குலச் சுவரில் 75 மி.மீ. வரை இறங்கலாம், பைப்பும் அதன் மேல் பூச்சும் தாராளமாக அடங்கும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் 38 மி.மீ.தான், அங்கே இந்த வேலையே வேண்டாம், கேசிங்குக்குப் போய்விடுங்கள். தூணையும் பீமையும் தொடவே கூடாது. என் சுவர் வீட்டுக்குள் இருக்கும் ஒன்பது அங்குலச் சுவர், மழைச் சாரல் படாது. வடகிழக்குப் பார்த்த வெளிச்சுவரில் வெட்டினால் நம் ஊர் மழைக்கு எப்படி இருக்கும் என்பதை அனுபவித்ததில்லை. ஏற்கெனவே உப்புப் பூத்துப் பொரிகிற சுவர் என்றால் நான் துணிய மாட்டேன்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் சமரசம் கூடாது. டிவியோடு வரும் மெல்லிய பவர் ஒயரைக் காடிக்குள் விடவே கூடாது. அது சுவருக்குள் கிடப்பதற்காகச் செய்தது இல்லை. சுவிட்ச் போர்டிலிருந்து தனிப் பைப்பில் முறையான செம்பு ஒயர் இழுத்து, எர்த்தோடு டிவிக்குப் பின்னால் ஒரு பாயிண்ட் வைக்க வேண்டும். கேபிள் போகும் பைப்பிலேயே அதையும் சேர்த்து விட்டால் வேலை சுலபம் என்பார்கள். என்றைக்காவது இன்சுலேஷன் உரிந்தால் 230 வோல்ட் உங்கள் செட்டாப் பாக்ஸ் ஒயருக்கு வந்து நிற்கும்.

செலவில் கேசிங்தான் மலிவு, பேனல்தான் அதிகம், இதில் ரகசியம் இல்லை. காடியில் எனக்கு வலித்தது வெட்டுக்கூலி அல்ல, பெயிண்ட். ஒரு அடி அகலத்துக்கு மட்டும் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் அந்தத் தடம் பளிச்சென்று தெரியும், ஆகவே முழுச் சுவரையும் அடிக்க வேண்டியதாயிற்று. கொத்தனாருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிடப் பெயிண்டருக்குப் போனது அதிகம். பூசும்போது காடியின் மேல் ஃபைபர் வலை வைத்துப் பூசச் சொல்லுங்கள்; முதல் முறை வைக்காமல் விட்டதால் மூன்றே மாதத்தில் காடியின் வழியே கோடு போட்டதுபோல் விரிசல் வந்தது. பூசிய இடத்துக்கு ஒரு வாரம் தண்ணீர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே பட்டி. அவசரப்பட்டால் பெயிண்ட் உரியும்.

நான் எதிர்பார்க்காத தொல்லை ஒன்று உண்டு: எறும்பு. இரண்டு பக்கமும் திறந்திருக்கும் பைப் அவற்றுக்கு நெடுஞ்சாலை. ஒரு நாள் டிவிக்குப் பின்னாலிருந்து பல்லி வேறு எட்டிப் பார்த்தது. இப்போது இரண்டு வாயிலும் ஸ்பாஞ்சு அடைத்திருக்கிறேன், வேண்டும்போது பிடுங்கிக்கொள்ளலாம்.

காடியை மூடுவதற்கு முன் சுவரில் டேப்பைப் பிடித்துவைத்து, பைப் எந்த ஓரத்திலிருந்து எத்தனை அங்குலம் என்று தெரியும்படி போட்டோ எடுத்து வீட்டில் எல்லாருக்கும் அனுப்பியிருந்தேன். தை பிறந்ததும் புதுக் காலண்டர் மாட்ட அம்மா ஆணியும் சுத்தியலுமாக அந்தச் சுவர் பக்கம்தான் வந்தார். "டேய், அந்தப் போட்டோவக் காட்டு, எங்க அடிக்கலாம்?" கரண்ட் பைப்பிலிருந்து நல்ல தூரம் தள்ளி, ஜன்னல் ஓரமாக அடிக்கச் சொன்னேன்.