ஏழரை மணி நேரம் முன்னால் ஒரு தீவு: ஓசி ஒளிபரப்புக்கு ஒரு பேப்பர்காரனின் மதிப்பெண்

பசிபிக் தீவு நாடான சமோவாவில் நடந்த ஒரு கிரிக்கெட் தகுதிச் சுற்றைப் போனில் ஓசி நேரலையாகப் பார்த்த கதை இது. முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சந்தா ஒரு பைசா கிடையாது. செலவானது என் போனின் அன்றாட டேட்டா, அதுவும் காலை எட்டு மணிக்குள்ளேயே காலி. மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. நாலு போட்டிருப்பேன். ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி அந்த ஒன்றைத் தின்றுவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கோவில்பட்டியில் பேப்பர் ஏஜென்ட். ராத்திரி ரெண்டரைக்கு எழுந்திருக்கிற ஜாதி. வேன் வருவதற்குள் ஒரு டீ, வந்ததும் கட்டுப் பிரிப்பு, இணைப்பு சொருகல், பையன்களுக்கு லைன் வாரியாக எண்ணிக் கொடுப்பது. இந்த நேரத்தில் உலகத்தில் எங்கே கிரிக்கெட் நடக்கும் என்று தேடினால் பசிபிக் பக்கம்தான் நடக்கும். சமோவாவின் தலைநகர் அப்பியாவின் கடிகாரம் நம்முடையதைவிட ஏழரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஏழரை என்றதும் என் வீட்டம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு மட்டும் இது நல்ல ஏழரை. அங்கே காலை பத்து மணி மேட்ச் என்றால் எனக்கு ராத்திரி ரெண்டரை. வேலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

பார்த்தது 2024 ஆகஸ்ட் 17 முதல் 24 வரை சமோவாவில் நடந்த ஆண்கள் டி20 தகுதிச் சுற்று. சமோவா, வனுவாட்டு, ஃபிஜி, குக் தீவுகள் என்று நாலு அணி, நாலும் தீவு நாடுகள். முதல் இடம் பிடிக்கிற ஒரே ஓர் அணிக்குத்தான் அடுத்த கட்டம். மற்ற மூன்றும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 2026 உலகக் கோப்பைக்குப் போகிற ஏணியில் கிட்டத்தட்ட அடிப்படி. மேல்படியில் நிற்கிறவர்கள் யாரும் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள். குக் தீவுகளின் மொத்த ஜனத்தொகை 15 ஆயிரம் சுமார். எங்கள் ஊரில் 2011 கணக்குப்படியே அதைப்போல ஆறு மடங்கு ஆள் இருக்கிறோம். ஹாக்கிக்குப் பேர் போன ஊர் என்பதால் கிரிக்கெட்டுக்கு ஒரு நாடே கேட்காமல் சும்மா இருக்கிறோம் போல.

இந்தப் பித்து எனக்கு வந்தது 2020 ஏப்ரலில். ஊரடங்கு. பேப்பரில் கொரோனா ஒட்டிக்கொண்டு வரும் என்று எவனோ கிளப்பிவிட, பாதி வீடு 'நிறுத்திருங்க அண்ணாச்சி' என்று சொல்லிவிட்டது. ஐபிஎல் இல்லை, ஒன்றுமே இல்லை. விளையாட்டுப் பக்கத்தில் பழைய கதைகளாகப் போட்டு நிரப்பினார்கள். அப்போது வனுவாட்டுக்காரர்கள் பெண்கள் கிரிக்கெட் இறுதி ஆட்டம் ஒன்றை நடத்தி அதை நேரலையாகவும் விட்டார்கள். அங்கே நோய்த் தொற்று இல்லை. ஹரோல்ட் புயல் அடித்து ஓய்ந்த மாதம் அது. உலகமே விளையாட்டுக்குப் பட்டினி கிடந்த நேரத்தில் ஒரு குட்டித் தீவு பந்தி போட்டது. விற்காத கட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டு பார்த்தேன். அன்றிலிருந்து வனுவாட்டு என் அணி. அப்பியாவிலும் என் கட்சி அதுதான். படிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளவும், கீழே வருவது நடுநிலை விமர்சனம் இல்லை.

இனி ஒளிபரப்பு. ஐபிஎல்லில் முப்பது கோணத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் பத்து நிமிஷம் கல்யாண வீடியோ மாதிரி இருக்கும். கேமரா குறைவு. பந்து மேலே எழும்பினால் அதுவும் கூடவே எழும்பித் தேடும், சில சமயம் பந்து இறங்கின பிறகுதான் கண்டுபிடிக்கும். அம்பயர் முடிவை வீடியோவில் மறுபடி பார்க்கக் கேட்கிற டிஆர்எஸ் கிடையாது. அம்பயர் கை தூக்கினால் தூக்கினதுதான், நடையைக் கட்ட வேண்டியதுதான். எனக்கு அது பிடித்திருந்தது. ஓவருக்கு ஓவர் பான்மசாலா விளம்பரம் இல்லை, எதையாவது வாங்கச் சொல்லி நடுவே வந்து மிரட்டுகிற பெட்டி இல்லை. ஓவர் முடிந்தால் ஃபீல்டர்கள் இடம் மாறி நடப்பதை முழுசாகக் காட்டுகிறார்கள். இந்த நடையைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது!

கமெண்டரி ஆங்கிலம்தான். எனக்குப் பாதி புரியும், பாதியை ஊகித்துக்கொள்வேன். பெயர்களை உச்சரிக்க அவர்களே திணறும்போது எனக்கு ஒரு திருப்தி. அந்தப் பக்கத்துப் பெயர்கள் லேசுப்பட்டவை இல்லை. ஃபிஜியில் ஐ.எல். புலா என்று ஓர் ஆட்டக்காரர் இருந்தார், 1948-ல் நியூசிலாந்து போய் விளையாடியவர். முழுப் பெயரையும் எழுதினால் ஸ்கோர்போர்டு தாங்காது என்றுதான் அந்தச் சுருக்கம். இனிஷியலின் அருமை நமக்குத் தெரியும்.

சமோவா ஆட்டக்காரர்கள் மட்டையை வீசுகிற தினுசைப் பார்த்தால் இவர்களுக்கு இன்னொரு கிரிக்கெட் இருப்பது தெரிந்துவிடும். கிலிகிட்டி என்பார்கள். 19-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுபோன ஆட்டத்தை ஊருக்குத் தக்க மாற்றிக்கொண்டது. மட்டை நீளமாக, முக்கோண முகத்தோடு கதாயுதம் மாதிரி இருக்கும். பந்து ரப்பர். பக்கத்துக்குப் பதினொரு பேர்தான் என்ற கட்டாயமெல்லாம் இல்லை. நாங்கள் தென்னை மட்டையில் ஆடினதற்குத் தூரத்துச் சொந்தம்.

இப்போது அந்த வட்டத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 20, செவ்வாய். சமோவாவும் வனுவாட்டுவும். சமோவா முதலில் பேட்டிங். வேலை கையிலும் கண் போனிலுமாக இருந்தேன். டேரியஸ் விஸ்ஸர் என்று ஒருவர், 28 வயது, தனி ஆளாக இழுத்துக்கொண்டிருந்தார். 15-வது ஓவர். நளின் நிபிகோ பந்து போட வந்தார். முதல் பந்து சிக்ஸர். இரண்டாவது சிக்ஸர். மூன்றாவதும் சிக்ஸர். என் பக்கத்தில் நின்ற பையன், ப்ளஸ் டூ படிக்கிறவன், எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, இது என்ன டீமு, சமோசாவா?" என்றான். நான் திரும்பி முறைத்துவிட்டு மறுபடி பார்த்தால் திரையின் நடுவே வட்டம். சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. யூடியூபைத் திறந்து சோதித்தேன், ஓடியது. இந்த ஒளிபரப்பு மட்டும்தான் நின்றது. வெளியே போய்த் திரும்ப உள்ளே வந்தால் 'சற்று நேரத்தில் நேரலை' என்கிறது. பின்னால் தள்ளிப் பார்க்கிற வசதி எனக்கு எங்கேயும் அகப்படவில்லை. படம் திரும்ப வந்தபோது அந்த ஓவர் முடிந்து, மூலையில் இருக்கிற எண்ணிக்கை எங்கேயோ போயிருந்தது. என் கணக்கு உதைத்தது. ஓவருக்கு ஆறு பந்து, ஆறும் சிக்ஸர் என்றாலே 36. இவர்கள் 39 என்கிறார்கள்.

ஸ்கோர்கார்டைப் பார்த்துக் கட்டுச் சுற்றி வந்த காகிதத்தில் எழுதிப் போட்டேன். 6, 6, 6. நாலாவது நோ-பால், அதாவது விதி மீறிப் போட்ட பந்து, ஆறு பந்துக் கணக்கில் சேராது, அதற்கு ஒன்று. அடுத்தது 6. அதற்கடுத்தது பூஜ்யம், பந்து மட்டையிலேயே படாமல் போனது போல. பிறகு இன்னொரு நோ-பால், ஒன்று. அடுத்ததும் நோ-பால், அதிலும் சிக்ஸர், ஆக ஏழு. கடைசியாக 6. கூட்டினால் 39. ஒன்பது முறை ஓடி வந்து போட வேண்டியிருந்தது. ஆண்கள் டி20 சர்வதேச ஆட்டத்தில் ஒரு ஓவரில் அதற்கு முன் 36-க்கு மேல் யாரும் கண்டதில்லை. 2007-ல் டர்பனில் யுவராஜ் சிங் அடித்ததும் அந்த 36-தான். 2019-லிருந்து ஐசிசி என்கிற சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் உறுப்பு நாடுகளின் எல்லா டி20-க்கும் சர்வதேச அந்தஸ்து உண்டு. அதனால்தான் அப்பியா மைதானத்து ஓவரும் டர்பன் ஓவரும் ஒரே பட்டியலில் உட்கார முடிகிறது. 'சும்மா ரெக்கார்டு' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் மூன்று பந்தாவது அப்படி அடித்துக் காட்டட்டும்.

விஸ்ஸர் 62 பந்தில் 132. சிக்ஸர் மட்டும் 14. சமோவா மொத்தம் 174-க்கு ஆல் அவுட். மீதி அத்தனை பேரும் உதிரியும் சேர்ந்து 42. நாலில் மூணு பங்கு ஒரே ஆள் கொண்டுவந்திருக்கிறார்.

இதற்குப் பிறகுதான் எனக்கு ஒளிபரப்பின் அருமை புரிந்தது. 39 கொடுத்த வனுவாட்டு தொங்கிய தலையோடு வந்து 90-க்குச் சுருண்டுவிடும் என்று நினைத்தேன். சுருளவில்லை. விரட்டினார்கள். 164-க்கு ஒன்பது விக்கெட். பத்து ரன்னில் தோல்வி. அந்த ஓவரில் இரண்டு சிக்ஸர் குறைந்திருந்தால் ஆட்டம் கை மாறியிருக்கும். இந்த விரட்டலை ஒளிபரப்பு ஒரு தடவைகூட நிற்காமல் காட்டியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைசி ஓவர்களில் நான் இணைப்பை மாற்றிச் சொருகி, ஒரு வீட்டுக்கு இரண்டு இணைப்பும் இன்னொரு வீட்டுக்கு ஒன்றுமில்லாமலும் போய், போனில் வசவு வாங்கினேன். அந்தப் பழியை ஒளிபரப்பின் மேல் போட மாட்டேன்.

மறுநாள் விளையாட்டுப் பக்கத்தில் வந்தது. கையகலப் பெட்டிச் செய்தி. விஸ்ஸர் இருக்கிறார், 39 இருக்கிறது, யுவராஜ் படம் இருக்கிறது. பந்து போட்டவர் பெயர் இல்லை. பத்து ரன்னில் முடிந்தது என்பதும் இல்லை. பேப்பர் விற்றுப் பிழைக்கிறவன் இதைச் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: அன்றைக்கு நான் வீடு வீடாக வீசினது பாதிச் செய்தி. மீதிப் பாதி என் சட்டைப்பையில் அந்தக் கட்டுக் காகிதத்தில் இருந்தது. நிபிகோவின் முகத்தை அந்த ஓவர் முடிந்ததும் கேமரா காட்டியதா என்று கேட்காதீர்கள். என் திரையில் வட்டம்தான் இருந்தது.

மற்ற ஆட்டங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சில நாள் இரண்டு மேட்ச், எனக்கு முதலாவதுதான் வாய்க்கும். இரண்டாவது ஆரம்பிக்கும்போது நான் சைக்கிளில் இருப்பேன். சமோவா முதலிடம் பிடித்து மேலே போனது.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? ராத்திரிக் காவல், மாவு மில், பால் பூத், ஆஸ்பத்திரித் துணைக்குப் போய் வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. ஹைலைட்ஸ் போதும் என்கிறவர்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம். நடத்துகிறவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று, பின்னால் தள்ளிப் பார்க்க ஒரு பொத்தான் வையுங்கள், கண்ணில் படுகிற இடத்தில். வைத்தால் அந்த ஒரு மதிப்பெண்ணைத் திருப்பித் தருகிறேன்.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. 2025 அக்டோபரில் ஓமனில் அடுத்த கட்டம். நியூசிலாந்தின் ராஸ் டெய்லர், அம்மா வழியில் சமோவாக்காரர், ஓய்விலிருந்து திரும்பி வந்து 41 வயதில் சமோவாவுக்கு ஆடினார். அந்த வழியாக உலகக் கோப்பைக்குப் போனவை நேபாளம், ஓமன், ஐக்கிய அரபு அமீரகம். சமோவா இல்லை. வந்திருந்தால் சேப்பாக்கத்தில் ஏதாவது ஒரு மேட்ச் விழாதா என்று டிக்கெட்டுக்கும் ரயிலுக்குமாக இரண்டாயிரம் ரூபாய் எடுத்து வைத்திருந்தேன். அதில் சைக்கிளுக்கு முன் டயர், பின் டயர், ஒரு புது கேரியர் போட்டாயிற்று.