4 வருட ஹாஸ்டல் வாழ்க்கை: எது கடைசிவரை கூட வந்தது?

போன மாதம்தான் அறையைக் காலி செய்தேன். 4 வருடத்தில் 3 அறைகள், 3 ரூம்மேட்கள். முதல் நாள் 2 பெரிய பெட்டி, ஒரு முதுகுப்பை, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்று என்று வந்து இறங்கினேன். கிளம்பும்போது ஒரு பெட்டியும் அந்த முதுகுப்பையும்தான் இருந்தன. புதிதாக ஹாஸ்டலில் சேருகிறவர்கள் முதலில் கேட்பது "என்னவெல்லாம் கொண்டுபோகணும்?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். பட்டியல் நீண்டுகொண்டே போனது. அதில் பாதியைக் கட்டிலுக்கு அடியில் இருந்து வெளியே எடுக்கவே இல்லை.

இத்தனை நாள் இருந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இது: தூக்கத்துக்கு உதவுகிற பொருட்களை முதல் நாளே கொண்டுபோய்விடுங்கள். மற்றதை எல்லாம் ஒரு மாதம் அங்கே இருந்துவிட்டு வாங்குங்கள். அலமாரி எவ்வளவு ஆழம், பிளக் பாயின்ட் எந்தச் சுவரில் இருக்கிறது, ரூம்மேட் என்ன கொண்டுவருகிறார் என்று எதுவும் தெரியாமல் வாங்கிக் குவித்தால் வைக்க இடம் இருக்காது. எங்கள் முதல் அறையில் 2 இஸ்திரிப் பெட்டி, 2 கெட்டில், 2 துடைப்பம் இருந்தன. சேருவதற்கு முன்பே ஒரு முறை போனில் பேசியிருந்தால் ஒவ்வொன்றும் ஒன்று போதும் என்று தெரிந்திருக்கும்.

தூக்கத்தை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், முதல் செமஸ்டரில் நான் தடுமாறியதற்குப் பாடம் காரணமில்லை. இரவு 2 மணிவரை எரிந்த விளக்கு, கதவு சாத்தும் சத்தம், பக்கத்து அறைச் சிரிப்பு. காலை வகுப்பில் கண் சொருகும். 3 வாரம் கழித்துத்தான் பஞ்சு மாதிரி அமுங்குகிற ஃபோம் இயர்பிளக் வாங்கினேன். முதல் 2 நாள் அது வேலையே செய்யவில்லை என்று தூக்கிப் போடப் பார்த்தேன். போட்ட முறைதான் தவறு. விரல்களுக்கு நடுவே உருட்டி மெல்லிய குச்சி போல ஆக்கிக்கொள்ள வேண்டும். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும். அது விரியும்வரை 20, 30 விநாடி விரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். சத்தம் மெல்ல மெல்ல அடங்குவது அப்போது நன்றாகவே தெரியும். உறையில் 30 டெசிபெல் அளவுக்குச் சத்தம் குறையும் என்று போட்டிருப்பார்கள். சரியாகப் பொருந்தாவிட்டால் அதில் பாதிகூடக் கிடைக்காது. சில நாளில் ஃபோம் அழுக்காகி விரியாமல் போய்விடும், அப்போது மாற்றிவிடுங்கள். அலாரம் கேட்காதே என்ற பயம் எனக்கும் இருந்தது. கையில் கட்டும் பட்டையில் அதிர்வு அலாரம் வைத்துச் சமாளித்தேன். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போட மட்டும் வேண்டாம். சூடு வெளியேற வழியில்லை.

அடுத்தது, மேசை ஓரத்தில் கவ்விக்கொள்கிற சின்ன கிளிப் விளக்கு. 4 வருடத்தில் ஒரு நாள்கூட அதைத் தொடாமல் இருந்ததில்லை. சார்ஜ் ஏற்றிக்கொள்கிற வகையாக, மஞ்சள் வெளிச்சத்துக்கு மாற்றிக்கொள்கிற மாதிரி பார்த்து வாங்குங்கள். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருந்தால் அது மஞ்சள் வெளிச்சம். 6500 என்றால் கண்ணைக் கூசுகிற வெள்ளை. ரூம்மேட் தூங்கும்போது நீங்கள் படிக்கவும், நீங்கள் தூங்கும்போது அவர் படிக்கவும் அந்த ஒரு விளக்கு போதும். அறை விளக்கை அணைக்கச் சொல்லி வருகிற சண்டை பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்குப் பேச்சுதான் வழி. முதல் வருட ரூம்மேட்டும் நானும் 2 மாதம் ஒருவருக்கொருவர் மரியாதையாக, வாய் திறக்காமல் இருந்தோம். அவள் இரவில் விழித்துப் படிக்கிறவள், நான் விடியலில் எழுகிறவள். அவள் விளக்கு எனக்குத் தொந்தரவு, என் அலாரம் அவளுக்குத் தொந்தரவு. ஒரு நாள் அவளே கேட்டாள்: "நீ ஏன் தினமும் 5 தடவை அலாரத்தை அணைக்கிற? ஒரே தடவையில எழுந்துக்க முடியாதா?" எனக்கு முதலில் சுருக்கென்று இருந்தது. அப்புறம் நானும் விளக்கைப் பற்றிச் சொன்னேன். அரை மணி நேரத்தில் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். 11 மணிக்குப் பெரிய விளக்கை அணைப்பது, அலாரம் ஒரே முறை, போன் பேசுவது வெளியே வராந்தாவில், விருந்தாளி வந்தால் முந்தின நாளே சொல்வது. இந்தப் பேச்சு 2 மாதம் தள்ளிப் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான். 2-வது வருடத்தில் புது ரூம்மேட் வந்த அன்றே, பெட்டியைப் பிரிக்கும்போதே பேசிவிட்டேன். எப்போது தூங்குவாய், எவ்வளவு சத்தம் தாங்கும், எதைக் கேட்காமல் எடுக்கலாம், எதைக் கேட்டு எடுக்க வேண்டும், அறையை யார் எப்போது பெருக்குவது. கோபம் வருவதற்கு முன்னால் கேட்டால் இவையெல்லாம் சாதாரணக் கேள்விகள்தான்.

அறைக்குள் நுழைந்ததும் பையைக் கட்டிலில் வைக்காதீர்கள். முதலில் மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். போன் டார்ச்சை அடித்து மெத்தையின் தையல் ஓரம், கட்டில் மூலை, தலைமாட்டுப் பலகையின் இடுக்கு எல்லாம் பார்க்க வேண்டும். பேனா மையால் வைத்த மாதிரி கரும்புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர்தான், தட்டையாக, செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். விடுமுறையில் அறை பூட்டிக் கிடந்தால் செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். ரத்தம் இல்லாமலே மாதக்கணக்கில் அது உயிரோடு இருக்கும். 2-வது வருட அறையில் எங்களுக்கு வந்தது. உடனே வார்டனிடம் சொல்லி ஆளை வரவழைத்து மருந்தடிக்கச் செய்தோம். துணியையும் போர்வையையும் டிரையரில் அதிகச் சூட்டில் 30 நிமிடம் ஓட்டினோம். சூட்டுக்குப் பூச்சியும் முட்டையும் தாங்காது. நாமே ஸ்ப்ரே வாங்கி அடித்தால் அவை பக்கத்து அறைக்கு நகர்ந்து, மறுபடி இங்கேயே வரும். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருப்பதுதான் பெரிய தவறு. சுத்தமாக இருக்கிறவர்கள் அறைக்கும் பெட்டி வழியாக அது வரும்.

அதே டார்ச்சோடு அறை முழுக்கப் படம் எடுத்துவிடுங்கள். சுவர் விரிசல், மேசைக் கீறல், அலமாரிக் கீல், ஜன்னல் கொக்கி எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து, அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். முதல் வருட முடிவில், நான் வரும்போதே ஆடிக்கொண்டிருந்த அலமாரிக் கதவுக்கு என் முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். என்னிடம் காட்ட எதுவும் இல்லை. அடுத்த 2 அறைகளிலும் 10 நிமிடம் ஒதுக்கிப் படம் எடுத்தேன், முன்பணம் முழுதாகத் திரும்பி வந்தது.

எக்ஸ்டென்ஷன் போர்டு கட்டாயம் வேண்டும். ஆனால் விலை குறைவாக இருக்கிறதே என்று கையில் கிடைத்ததை எடுக்காதீர்கள். பின்பக்கம் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். 6 ஆம்பியர் என்றால், 230 வோல்ட் மின்சாரம் உள்ள இடத்தில் 6-ஐ 230-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்: 1380 வாட். மடிக்கணினி 65 வாட், போன் 20 வாட், விளக்கு 5 வாட், எல்லாம் சேர்த்துப் போட்டாலும் அது தாங்கும். கெட்டில் ஒன்று மட்டுமே 1500, 2000 வாட் இழுக்கும். எங்கள் அறையில் அது நடந்தது. ஒரு நாள் மாலை, எரிந்த பிளாஸ்டிக் வாடை. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் 2 பேரும் மோப்பம் பிடித்துத் தேடினோம். கட்டிலுக்குப் பின்னால் இருந்த போர்டின் ஒரு துளை பழுப்பாகி உருகியிருந்தது, அதன் மேல் போர்வையின் நுனி கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. சூடாக்குகிற எதையும் சுவர் பிளக்கில் நேரடியாகப் போடுங்கள், அதுவும் ஹாஸ்டல் விதி அனுமதித்தால் மட்டும். ஒரு போர்டில் இன்னொரு போர்டைச் சொருகக் கூடாது. நீள ஒயரைச் சுருட்டிக் கட்டி வைத்தாலும் சூடேறும்.

குளியலறைச் சாமானுக்கு, அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடை வாங்குங்கள். மூடி போட்ட அழகான பை வேண்டாம், தண்ணீர் தேங்கி நாறும். பொதுக் குளியலறைக்கு என்று தனியாக ரப்பர் செருப்பு வேண்டும். சேற்றுப்புண் உண்டாக்குகிற பூஞ்சை ஈரத் தரையில்தான் பரவுகிறது. தடித்த டவல் ஒன்றைவிட மெல்லிய டவல் 2 நல்லது, சின்ன அறையில் தடித்தது காயவே காயாது. ஈரத் துணியை அறைக்குள் கதவைச் சாத்திக் காயப்போட்டால் சுவரில் பூசணம் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். துவைக்கும் இயந்திரம் பொதுவாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மாலையை விட்டுவிட்டு, வார நாளில் வகுப்புக்குப் போகுமுன் போடுங்கள், வரிசையே இருக்காது.

மருந்துப் பெட்டியைப் பற்றி அம்மா சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை. முதல் காய்ச்சல் இரவு 1 மணிக்கு வந்தது. தெர்மாமீட்டர், பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பிளாஸ்திரி, வழக்கமாக எடுக்கிற மருந்து இருந்தால் மருத்துவச் சீட்டோடு அதுவும், இவ்வளவு போதும். கல்லூரி மருத்துவமனை எங்கே இருக்கிறது, இரவில் யாரைக் கூப்பிடுவது என்று முதல் வாரத்திலேயே நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் அழற்சி உண்டாக்கக்கூடிய மெனிங்கோகாக்கல் நோய்க்கான தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போவதும் நல்லது. நெருக்கமாகத் தங்குகிற இடங்களில் அந்த நோய் பரவ வாய்ப்பு அதிகம் என்பதால் சில நாடுகளில் விடுதியில் சேரும் மாணவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறார்கள்.

பூட்டைப் பற்றி ஒரே வரிதான். குளிக்கப் போகும் 5 நிமிடத்துக்கும் கதவைப் பூட்டுங்கள்.

முதல் மாதம் வீட்டு நினைப்பு வரும். எனக்கு மாலை 6 மணிக்கு வரும், நேரம் வைத்த மாதிரி. முதல் 3 வார இறுதியும் வீட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தால் தளத்தில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், நான் மட்டும் புதிது. 4-வது வாரம் போகவில்லை. அன்று மாலை அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். 2 பேர் எட்டிப் பார்த்தார்கள், ஒருத்தி சார்ஜர் கேட்டாள். அந்த ஒருத்திதான் 3-வது வருட ரூம்மேட்.

கிளம்புகிற அன்று அந்தக் கிளிப் விளக்கைப் பக்கத்து அறைக்குப் புதிதாக வந்த பெண்ணிடம் கொடுத்தேன். "அக்கா, இது எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டாள். வாங்கியபோது 8 மணி நேரம் எரிந்தது, இப்போது 3 மணி நேரம்தான் தாங்கும் என்று சொன்னேன். கேபிளில் பச்சை நூல் சுற்றியிருக்கும் இடத்தில் மட்டும் மடக்காமல் பிடிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.