கும்மாயமா, ஜிப்சமா, தொழு உரமா: சித்தூர் கிழக்கு வெள்ளாமைக் காடுகளுக்கு எது பொருந்தும்?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் வெள்ளாமை செய்யும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு மாநிலத்து ஆலோசனைகளையும் கேட்டுப் பயிர் வைக்கின்றன. இது மழை குறைந்த பகுதி; மண்ணும் வேறு. கேரளத்தின் பெரும்பாலான நிலங்கள் அமில மண்ணாக இருக்க, இங்கே கரிசலும் செம்மண்ணும் கலந்து கிடக்கின்றன.

கேரளம் முழுதும் பரிந்துரைக்கப்படும் கும்மாயம், அதாவது நீற்றிய சுண்ணாம்பு, அமில மண்ணைத் திருத்துவதற்கானது. ஏற்கெனவே காரத்தன்மையுள்ள கரிசலில் அதைப் போட்டால் இரும்பும் துத்தநாகமும் பயிருக்கு எட்டாமல் போகும். நிலக்கடலையின் இளம் இலைகள், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, வெளுத்துவிடும். மேற்கே நல்ல மருந்தாக இருப்பதைக் கிழக்கே அப்படியே கொண்டுவருவதை நான் தவறென்றே சொல்வேன்.

ஜிப்சமும் கால்சியம் தருவதுதான், ஆனால் மண்ணின் காரத்தைக் கூட்டாது. கூடவே கந்தகமும் கிடைக்கிறது. நிலக்கடலைக் காய் தனக்கு வேண்டிய கால்சியத்தில் பெரும்பங்கை வேர் வழியாகப் பெறுவதில்லை. பூவிலிருந்து கீழிறங்கிக் காயாகும் விழுது மண்ணுக்குள் போனபின் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே நேராக உறிஞ்சுகிறது. அந்த மேல்மண்ணில் கால்சியம் குறைந்தால் செடி செழித்திருந்தாலும் காய் பொக்காகும். இறவைப் பயிருக்கு ஜிப்சம் ஹெக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ, 40 முதல் 45 நாளில் செடியோரம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். மானாவாரியில் நாள் கணக்கைவிட ஈரத்தைப் பார்த்து இடுவதே முக்கியம், ஏனெனில் காய்ந்த மண்ணில் அது கரைவதில்லை. சோடியம் மிகுந்த களர் நிலத்திலும் ஜிப்சம் சோடியத்தைப் பெயர்த்துவிடும், ஆனால் பெயர்ந்ததை அடித்துச் செல்லத் தண்ணீரும் வடிகாலும் இல்லையென்றால் செலவுதான் மிஞ்சும்.

இவ்விரண்டும் ஈரத்தைப் பிடித்து வைப்பதில்லை. அந்த வேலை தொழு உரத்துக்குரியது: ஹெக்டேருக்கு 12.5 டன், ஏக்கருக்கு 5 டன். மாடு இல்லாத வீட்டுக்கு வண்டி வாடகையே பெரும் பாரம் என்பதை அறிவேன். அவர்களுக்குத் தென்னை நார்க்கழிவு கைகொடுக்கும். தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைத் தாங்கும். ஆயினும் பச்சையாகக் கொட்டக்கூடாது. அதில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் ஏறத்தாழ 112:1 இருப்பதால் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கி மக்கவைத்தால் அது 24:1 அளவுக்கு இறங்கும்.

குளத்து வண்டல் மணற்பாங்கான செம்மண்ணுக்கு நல்லது, கரிசலுக்கு வேண்டியதில்லை.

ஒன்றுக்கு மட்டும் பணம் இருந்தால், செம்மண்ணில் தொழு உரத்துக்கும், கரிசலில் நிலக்கடலை வைப்பவர் ஜிப்சத்துக்கும் செலவிடலாம். கும்மாயத்தை மண் பரிசோதனை கேட்டால் மட்டுமே தொடலாம். ஒரே காட்டில் இரண்டு மண்ணும் இருந்தால், மாதிரியையும் இரண்டாகவே எடுக்க வேண்டும்.