பழைய தேக்கு நாற்காலியா, புது ரெட்ரோ நாற்காலியா?

வீடு மாறியபோது கூடத்துக்குக் கை வைத்த நாற்காலிகள் தேவைப்பட்டன. ‘மிட்செஞ்சுரி மாடர்ன்’ என்கிறார்களே, போன நூற்றாண்டின் நடுவில் வந்த அந்த வடிவம்தான் மனதில் இருந்தது. செதுக்கு வேலை இல்லாமல், கீழே போகப் போக மெலியும் கால், சாய்ந்த முதுகு, பிரம்புப் பின்னல். நம் நாட்டில் இந்தப் பாணிக்குப் பேர்போனது சண்டிகர். 1950களில் அந்த நகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயின் உறவினர் பியர் ஜானரே அங்கே அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கு நாற்காலிகளை வடிவமைத்தார். உடைசல் என்று ஒதுக்கி ஏலம் விட்டவை இன்று வெளிநாட்டில் பல லட்சம் பெறுகின்றன. ‘சண்டிகர் ஒரிஜினல்’ என்று யாராவது மலிவாகக் காட்டினால் நம்ப வேண்டாம். முதுகில் இருக்கும் அலுவலக எண்ணை யாரும் எழுதிவிடலாம்.

மிச்சம் இரண்டு வழி. ஷோரூமில் அதே வடிவில் புதிது, இல்லை அந்தக் காலத்தில் நம் ஊர் ஆசாரிகள் செய்த பழையது. நான் இரண்டையும் வாங்கினேன். பழையதுதான் என் கட்சி.

புதிதில் வசதி அதிகம். கேட்ட நிறம் கிடைக்கும், வீட்டுக்கே கொண்டுவந்து வைப்பார்கள். பழையதற்குக் கோவை உக்கடம் பக்கம் சாமான் கடைகளிலும் வீடு இடிக்கும் இடங்களிலும் அலைய வேண்டும்.

எனக்கு முடிவைச் சொன்னது பின்னல். நான் வாங்கிய புதிதில் பிரம்பு துணி மாதிரி ஷீட்டாக வந்தது. சட்டத்தில் வெட்டிய காடிப் பள்ளத்தில் பசை போட்டு இறுக்கியிருந்தார்கள். ஒன்றரை வருஷத்தில் மூலை கிழிந்தது. கடையில் கேட்டால், இருக்கையையே மாற்றச் சொன்னார்கள். பழையதில் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் பிரம்பை விட்டுக் கையால் பின்னியது. அது நைந்த நிலையில்தான் வந்தது. பின்னுகிறவர் பார்த்துவிட்டு, “பின்னல்தானுங்க போச்சு, மரத்துக்கு ஒண்ணும் ஆகலீங்க” என்றார். திண்ணையில் உட்கார்ந்து இரண்டே நாளில் முடித்துவிட்டார். இனி தொய்ந்தால் அடிப்பக்கம் ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர விட்டால் போதும், பிரம்பு சுருங்கி இறுகும். பங்குனி வந்தால் இதை நான் தவறாமல் செய்கிறேன்.

வாங்கும்போது முதல் வேலை, நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மரம் இடத்துக்கு இடம் நிறம் மாறி மங்கியிருக்க வேண்டும். பாலீஷ் மேலும் கீழும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். மூட்டுகள் கழுந்தும் துளையுமாக, அதாவது ஒரு கட்டையின் செதுக்கிய முனை இன்னொன்றின் துளைக்குள் இறங்கிச் சேர்ந்திருந்தால் நல்லது. ஸ்டார் திருகாணி தெரிந்தால் புதிது என்று உடனே தள்ளிவிடாதீர்கள், பிறகு பழுது பார்த்திருக்கலாம். ஓரத்தில் வெளிர் நிறத்தில் ‘வெள்ளை’ இருந்தால் ஊசித் துளையும் மாவும் இருக்கிறதா என்று பாருங்கள். வைரம் பாய்ந்த உள்மரத்தை விட்டுவிட்டு வண்டு முதலில் அதைத்தான் அரிக்கும்.

‘ஆனைமலைத் தேக்குங்க’ என்று சொல்லித்தான் விற்பார்கள். மரங்களை மலைச்சரிவில் சறுக்கிவிட்டதால் டாப்ஸ்லிப் என்று பெயர் வந்த ஊரை வைத்திருக்கும் நமக்கு அந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும். ஆனால் மரத்தைத் தடவிப் பார்த்து எந்தக் காடு என்று சொல்ல முடியாது, அதற்கென்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

மெத்தை வைத்த சோபாவுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. நாற்காலி என்றால் பழையதுதான். அதன் ஜோடியும் போன மாதம் கிடைத்துவிட்டது. பின்னுகிறவர் ஆடி கழிந்து வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை மேலே ஒரு பலகை போட்டு உட்கார்கிறோம்.