தூரம் காட்டும் இணையதளம்: கிலோமீட்டரை நம்பலாம், நேரத்தை நம்பாதீர்கள்

இரண்டு ஊர் பெயரைத் தட்டினால் நடுவில் எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று சொல்லும் தளங்கள் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றை ஜவ்வரிசி வியாபாரத்துக்காக நான் அடிக்கடி பார்ப்பேன், எங்கள் சரக்கில் பெரும்பகுதி வடக்கேதான் போகிறது. சேலம், இந்தூர் என்று போட்டால் 1,250 கிலோமீட்டர் சொச்சம், பறக்கும் நேரம் ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் மேல் என்று வருகிறது. தூரம் சரி. அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்துப் பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நேரம்தான் வில்லங்கம். தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்துப் போட்டுவிடுகிறார்கள், அந்த இரண்டு ஊருக்கும் நடுவே விமானம் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. சேலத்திலிருந்து இந்தூருக்கு நேரடி விமானம் கிடையாது, ஹைதராபாத்திலோ பெங்களூரிலோ மாறித்தான் போக வேண்டும். எங்கள் மண்டிக்குப் புதிதாக வந்த பையன் இந்த ஒன்றரை மணியை நம்பி, காலையில் கிளம்பி மதியம் வந்துவிடுகிறேன் என்று இந்தூர் பார்ட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். பாவம், அந்த மனிதர் ராத்திரி வரை கடையை மூடாமல் காத்திருந்தார்.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர், தளம் 21 நிமிடம் என்கிறது. காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தின் ஓடுதளம் 1,800 மீட்டர் அளவுதான், அதனால் ஏடிஆர் மாதிரி விசிறி வைத்த சின்ன விமானம்தான் வருகிறது, அது நல்ல வேகத்தில் போனாலும் மணிக்கு 500 கிலோமீட்டர்தான், ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் ஆகிவிடும். அந்தச் சேவையே இடையில் நின்றுபோய் 2023 அக்டோபரில்தான் திரும்ப வந்தது.

ஏற்காட்டுக்கும் நேரம் போடுகிறார்கள்! வான்வழியில் 15 கிலோமீட்டர் என்பது சரிதான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் 30 கிலோமீட்டர் பக்கம் வரும்.

பக்கத்து விமான நிலையங்களைக் காட்டும் பகுதியிலும் கவனம் வேண்டும். சேலத்திலிருந்து கோவை நிலையத்தின் தூரத்துக்கும் பெங்களூர் நிலையத்தின் தூரத்துக்கும் வெறும் 40 கிலோமீட்டர்தான் வித்தியாசம் மாதிரி தெரியும். கோவை நிலையம் அவிநாசி சாலையில் நம் பக்கமாகவே இருக்கிறது, ஊருக்குள் நுழையவே வேண்டாம். பெங்களூரிலோ ஓசூர் வழியாகத் தெற்கே நுழைந்து, மொத்த நகரத்தையும் கடந்து வடக்கே தேவனஹள்ளி போக வேண்டும், சாயங்கால நெரிசலில் மாட்டினால் விமானம் போயே போச்சு.

லாரி வாடகை பேசுவதற்கு முன்னால் தூரத்தை ஒரு அந்தாஜாகப் பார்க்க நான் இன்னும் இதைத்தான் திறக்கிறேன், சட்டென்று வருகிறது, கணக்கு எதுவும் தொடங்கச் சொல்வதில்லை. தளத்துக்காரர்கள் ஒன்று மட்டும் செய்யட்டும்: நேரடி விமானம் இல்லாத ஊர்களுக்கு அந்த நேரத்தை எடுத்துவிட்டு, ‘நேரடி விமானம் இல்லை’ என்று ஒரு வரி போடட்டும்.