கூட்டல் கழித்தல் பொத்தானோடு ஆறு வருடம்

போன கிழமை கமரா திருத்திக் கைக்கு வந்தது. வந்த அன்றே ஒரு தம்பி போன் எடுத்தார். கிளிநொச்சியில் படிக்கிறவர், படம் எடுக்கப் பழக வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். "அண்ணை, உங்கட கமரா மாதிரியே ஒண்டு வவுனியாவில ஒருத்தர் விக்கிறார். பழகுறதுக்கு எடுக்கட்டே?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

எந்த மொடல் என்பது இங்கே பெரிய விடயமில்லை. 18-55 மில்லிமீற்றர் ஸூம் லென்ஸோடு வருகிற தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர், லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய வகை. மெகாபிக்சல் கணக்கெல்லாம் எங்கும் கிடைக்கும். 2019 கடைசியில் ஒருவர் பாவித்ததை வாங்கினேன். 2022இல் ரூபா விழுந்த பிறகு இறக்குமதிச் சாமான் விலைகள் ஏறிய ஏற்றத்தில், அன்று வாங்கியது நல்லதென்று பலமுறை நினைத்திருக்கிறேன். பற்றரி இன்றைக்கும் ஒரு முழு நாள் நிற்கிறது. முள்ளியவளையில் இருந்து கொண்டு கிரவல் வீதிகளிலெல்லாம் மோட்டார் சைக்கிளில் தோளில் போட்டுத் திரிந்திருக்கிறேன். ஒருநாளும் இடையில் நின்றதில்லை, அந்தப் பொத்தானைத் தவிர.

அந்தப் பொத்தானைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

இந்த வகைக் கமராக்களில் டயல் ஒன்றுதான், ஷட்டர் பொத்தானுக்குப் பின்னால். எம் நிலையில், அதாவது எல்லாவற்றையும் நாங்களே வைக்கிற மனுவல் நிலையில் வைத்தால், அந்த டயல் ஷட்டர் வேகத்தை, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதை மாற்றும். அப்பர்ச்சரை, லென்ஸுக்குள் வெளிச்சம் வருகிற துவாரத்தை மாற்ற வேண்டுமென்றால், பெருவிரல் படும் இடத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்தபடி டயலைச் சுழற்ற வேண்டும். ஆனால் துவாரத்தை மட்டும் நாங்கள் வைக்க, ஷட்டரைக் கமராவே பார்த்துக்கொள்ளும் அப்பர்ச்சர் முன்னுரிமை நிலைக்குப் போனால் அதே பொத்தானுக்கு வேறு வேலை. அங்கே டயல்தான் அப்பர்ச்சர். பொத்தானைப் பிடித்துச் சுழற்றினால், கமரா தானாகக் கணக்கிட்ட வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

வாசிக்கும்போது இது சின்ன விடயமாகத் தெரியலாம். பழகுகிறவனுக்குச் சின்னதில்லை. அப்பர்ச்சர் முன்னுரிமையில் பொத்தானைப் பிடித்து வலப்பக்கம் சுழற்றினால் படம் வெளிச்சமாகும். எம் நிலையில் அதே பொத்தானைப் பிடித்து அதே வலப்பக்கம் சுழற்றினால் எஃப் எண் ஏறும். எண் ஏறினால் துவாரம் சிறுக்கும், படம் இருளும். விரல் செய்வது ஒன்றுதான். கிடைப்பது நேர் எதிரானது.

இதை நான் படித்தது வற்றாப்பளை அம்மன் கோயிலில். 2023 வைகாசிப் பொங்கல். தங்கச்சியின் மகன் முதல் தடவை பாற்காவடி எடுத்தான். ஆறு வயது. ஒரு பிள்ளை முதல் காவடி எடுப்பது ஒருமுறைதான். எங்கள் வீட்டில் 2009க்கு முந்திய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்பா அம்மாவின் கலியாணப் படத்தை அல்பத்தோடு எங்கே விட்டோம் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. ஆகவே எங்கள் வீட்டில் ஒரு படம் பிழைத்துப்போவதை யாரும் இலேசாக எடுக்கமாட்டோம்.

எம் நிலையில் வைத்திருந்தேன். எஃப் 4, ஷட்டர் 1/100 செக்கன், கமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 3200. இதில் 1/100 ஏனென்றால், எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ரியூப் லைட் செக்கனுக்கு நூறு தடவை கூடிக் குறையும். 1/500 வைத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மஞ்சளாகவும் மற்றது இருட்டாகவும் வரும். கோயில் வெளிச்சத்தில் 1/50 அல்லது 1/100 வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. இதை முந்திய வருடம் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்திருந்தேன். ஆக, அன்று ஆயத்தமாகத்தான் போனேன்.

பிள்ளை ஆடிவரும்போது முகம் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தது. அதற்கு முந்தின மூன்று மாதமும் அப்பர்ச்சர் முன்னுரிமையில்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். விரல் அந்தப் பழக்கத்திலேயே பொத்தானைப் பிடித்து வலப்பக்கம் திருப்பியது. ஆறு கிளிக். எஃப் 4 எஃப் 8 ஆகிவிட்டது. வெளிச்சம் காற்பங்கு. இன்னும் இருட்டாக இருக்கிறதே என்று மேலும் மூன்று கிளிக். எஃப் 11. எட்டில் ஒரு பங்கு. திரையைப் பார்த்தேன்தான். ஆனால் சுற்றிவர இருட்டாக இருக்கும் நேரத்தில் கமராத் திரையில் எந்தப் படமும் வெளிச்சமாகத்தான் தெரியும். கண்ணை நம்பக்கூடாது, படத்தில் இருட்டு எவ்வளவு வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும். ஹிஸ்டோகிராம் என்பார்களே, அது. அன்று பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டபோது முப்பத்தேழு படமும் கரிப்பிடித்த சட்டி மாதிரி. கமரா சுருக்கிச் சேமிக்கிற ஜேபெக்கில் மட்டும் எடுத்திருந்ததால் வெளிச்சத்தைத் தூக்கிப் பார்க்கவும் முடியவில்லை. தூக்கினால் முகம் செங்கட்டி நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்தது. தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. "போனில எடுத்தது இருக்குத்தானே" என்றாள். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது.

பிழை என் விரலில்தான் என்று சொல்வீர்கள். சரி. ஆனால் வெளிச்சத்தைப் பழகுவது என்பதே விரல் பழகுவதுதான். துவாரம், வேகம், ஐஎஸ்ஓ மூன்றையும் புத்தகத்தில் ஒரு பின்னேரத்தில் விளங்கிவிடலாம். பிள்ளை ஆடிக்கொண்டிருக்கும்போது விளங்கியது உதவாது, விரல் போகிற இடம்தான் உதவும். புதிதாகப் பழகுகிறவனுக்கென்று செய்த கமராவில், ஒரே அசைவுக்கு இரண்டு எதிர்ப்பொருள் வைத்தது எனக்கு இன்னும் பொறுக்கமுடியாத விடயம். இரண்டாவது டயல் ஒன்றுக்கு எவ்வளவு செலவு போயிருக்கும்? விலை கூடிய கமரா உடல்களில் முன்னுக்கொன்று பின்னுக்கொன்று வைக்கிறார்கள். அங்கே வாங்குகிறவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கிறது.

இந்த வருடத் தொடக்கத்தில் அந்தப் பொத்தான் செத்தது. அழுத்தினால் ஒரு அசைவும் இல்லை. உள்ளே தூசி ஏறித் தொடுப்புத் தேய்ந்துவிட்டது என்று திருத்தினவர் சொன்னார். கிரவல் தூசிதான், வேறென்ன. உதிரிப்பாகம் வரச் சுணங்கும் என்றார். அதுவரைக்கும் கமராவை வைத்துப் பாவியுங்கள் என்று திருப்பித் தந்தார். ஆறு கிழமை அப்படியே போனது. திரையில் கியூ பொத்தானால் உள்ளே போய் அப்பர்ச்சரை மாற்றலாம், ஆனால் அதற்குள் எதிரே நின்ற ஆள் போய்விடுவார்.

ஆகவே எஃப் 8இல் விட்டுவிட்டேன். ஐஎஸ்ஓவையும் காலையில் ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். மிஞ்சியது டயல் மட்டும், அதாவது ஷட்டர் மட்டும். மூன்று கிளிக் என்றால் வெளிச்சம் பாதி, எதிர்ப்பக்கம் மூன்று கிளிக் என்றால் இரட்டிப்பு. ஆறு கிழமை இதைத்தான் செய்தேன். திறந்த வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் ஐஎஸ்ஓ எண்ணளவு என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஐஎஸ்ஓ 400 என்றால் 1/400. எஃப் 8 என்றால் அதிலிருந்து ஆறு கிளிக், 1/1600. தண்ணிமுறிப்புக் குளக்கட்டில் பங்குனி மாதப் பத்து மணி வெயிலில் இந்தக் கணக்கு அப்படியே நின்றது. மேகம் ஒன்று மறைத்தால் மூன்று நான்கு கிளிக் திரும்பி வருவேன். பாலைமர நிழலுக்குள் போனால் ஒன்பது கிளிக். கடைசிக் கிழமையில் கமராவின் வெளிச்ச மீற்றரைப் பார்க்காமலே நிழலுக்குள் நுழையும்போது விரல் தானாகத் திரும்பத் தொடங்கியது. அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வீதியால் வரும்போது எதிரே தெரிகிற மதிலுக்கும் மாட்டுக்கும் மனதுக்குள் எண் போட்டுக்கொண்டே வந்தேன்.

பொத்தான் திருந்தி வந்த அடுத்த நாள் விடிய வயலுக்குப் போனேன். சிறுபோகத்துக்கு உழவு நடந்துகொண்டிருந்தது. உழவு மெசினுக்குப் பின்னால் கொக்குகள் புழுப் பொறுக்கிக்கொண்டு வரும், பார்த்திருப்பீர்கள். இங்கேதான் அந்தப் பொத்தானின் மற்ற முகத்தைச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் நியாயமில்லை.

கமரா மீற்றருக்கு உலகம் முழுக்க நடுச்சாம்பல் நிறம். வெள்ளையைக் கண்டால் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், கறுப்பைக் கண்டாலும் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் வெள்ளை என்றால் கூட்டு, கறுப்பென்றால் குறை என்று எல்லாரும் சொல்லித்தருவார்கள். நானும் கொக்குக்கு முதல் இரண்டு வருடம் கூட்டிக்கொண்டே இருந்தேன். கொக்கு எல்லாம் கடதாசி வெட்டி ஒட்டினது மாதிரி வெறும் வெள்ளை, ஒரு இறகும் தெரியாது. காரணம் பிறகுதான் பிடிபட்டது. என் லென்ஸ் 55 மில்லிமீற்றருக்கு மேல் கிட்ட இழுக்காது, அதற்குள் கொக்கு ஒரு சின்னப் பொட்டு. மீற்றர் பார்ப்பது கொக்கை அல்ல, அதைச் சுற்றியிருக்கிற ஈரச் சேற்றை. இருண்ட சேற்றைச் சாம்பலாக்க வெளிச்சத்தை ஏற்றுகிறது, கொக்கு வெந்துபோகிறது. அங்கே கூட்டக்கூடாது, குறைக்க வேண்டும். முழுச் சட்டத்தையும் நிரப்பி வெள்ளை வேட்டிக்காரர் நின்றால்தான் கூட்ட வேண்டும். என்ன நிறம் என்பதோடு, அந்த நிறம் சட்டத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு.

அன்று காலை அப்பர்ச்சர் முன்னுரிமையில் வைத்து, பொத்தானைப் பிடித்து இடப்பக்கம் மூன்று கிளிக். ஒரு நிறுத்தம் குறைவு, அதாவது வெளிச்சம் பாதி. கொக்கின் கழுத்துக்குக் கீழே இறகு பிரிந்து பிரிந்து தெரிந்தது, சேறும் சேற்றின் நிறத்தில் இருந்தது. பிறகு சேற்றில் படுத்திருந்த எருமைகளைக் கிட்டப் போய்ச் சட்டம் நிரம்ப எடுத்தேன். அதற்கும் குறைவுதான், இரண்டு மூன்று கிளிக். ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு, இரண்டுக்கும் ஒரே பக்கம். வீடு வந்து அம்மாவுக்குக் காட்டினேன். "எருமை எருமை மாதிரியே கிடக்கு" என்றா. வேறு யார் என்ன சொன்னாலும் எனக்கு அதுபோல் வராது.

இப்போது தம்பிக்குப் பதில்.

இந்தக் கமராவை நம்பலாம். படத்தின் தரத்தில் ஆறு வருடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. லென்ஸை மட்டும் முடிந்தால் மாற்றுங்கள். 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 ஒன்று போட்டால், 18-55இன் நீட்டிய முனையில் கிடைக்கிற எஃப் 5.6ஐ விட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். கோயில் இரவுக்கு அது போதும். இன்னொன்று, 18-55ஐ எம் நிலையில் எஃப் 3.5 வைத்து ஸூமை முன்னுக்கு இழுத்தால் அது தானாகவே 5.6க்குப் போய், வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நீங்கள் ஒன்றையும் தொடாமலே படம் ஏன் இருண்டது என்று தலையைப் பிய்க்க வேண்டாம்.

ஆனால் வவுனியாவில் விற்கிற அந்தக் கமராவை எடுக்காதீர்கள், தம்பி. அதே காசுக்கு, வயது கூடினதாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு டயல் உள்ள பழைய உடல் ஒன்றைத் தேடுங்கள். மெகாபிக்சல் குறையும், குறையட்டும். பெருவிரலுக்கு ஒன்று, சுட்டுவிரலுக்கு ஒன்று என்று இருக்க வேண்டும். அடுத்த வைகாசிக்கு முதல் கிடைக்காவிட்டால் என்னுடையதை இரவல் தருகிறேன், எம் நிலையில் மட்டும் பாவியுங்கள், மற்ற நிலைக்குப் போகவே வேண்டாம். விலைக்குக் கேட்காதீர்கள், அதை நான் வைத்திருக்கப்போகிறேன். தங்கச்சியின் இளையவளுக்கு இப்போது நாலு வயது. அவள் காவடி எடுக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.